முட்டில் நின்ற பன்னிரண்டு வளைவுகள்

ராயப்பன்பட்டிக்குப் போகும் சாலையில் ஒரு திராட்சைச் சந்தை கட்டினோம். கட்டினோம் என்று சொல்வதே அதிகப்படி. நான் அங்கே சைட் இன்ஜினியர். சென்னையிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட் அம்மா, பள்ளத்தாக்கில் காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் வருகிறது என்று ஒரு வருடம் குறித்துவைத்து வரைந்த கட்டடம் அது. சுற்றிலும் பன்னிரண்டு கான்கிரீட் வளைவுகள். எல்லாம் உச்சியில் ஒரு வளையத்தில் வந்து சேரும். உள்ளே தூணே கிடையாது. காற்று பக்கவாட்டில் நுழைந்து உச்சி வழியாக வெளியேறும். பறித்த பழம் கரண்ட் இல்லாமலே வாடாமல் இருக்கும். வரைபடத்தைப் பார்த்த அன்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

வளைவுகளை முடித்து, வளையம் வார்க்க வேண்டிய நேரத்தில் தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. போன ஆட்சியின் திட்டம் என்று ஃபைலை மறுஆய்வுக்கு அனுப்பினார்கள். போனது போனதுதான். வளையம் சேரும்வரை அந்த வளைவுகள் தாமாக நிற்காது. கீழே முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்புகள்தான் தாங்கின. எனக்கு வேறு வேலை கிடைத்த பிறகும் ஞாயிறுதோறும் போய் அந்தக் கம்புகளைத் தட்டிப் பார்ப்பேன். மாமியார் வீட்டுக்குக்கூட இப்படிப் போனதில்லை என்று மனைவி கேலி செய்வாள்.

மூன்றாம் வருட ஆடியில் பக்கத்துத் தோட்டத்துத் திராட்சைப் பந்தல் காற்றில் சாய்ந்தது. தோட்டக்காரர் என்னைத் தேடி வந்தார்.

"காயெல்லாம் தரையில கெடக்கு தம்பி. இங்கன சும்மா நிக்கிறதுல நாலு கம்பு குடுங்க."

பந்தல் சாய்ந்தவருக்குக் கம்பு இல்லை என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. நானும் அப்படி வளர்ந்தவன்தான். பளு குறைவாக விழும் நான்கு கம்புகளில் சாக்பீஸால் குறி போட்டுக் கொடுத்தேன். அறிவுகெட்ட வேலை. இன்ஜினியரே எடுக்கச் சொல்லிவிட்டார் என்பது மட்டும்தான் ஊருக்குள் பரவியது. அடுத்த ஞாயிறு போனபோது பாதிக் கம்புகள் இல்லை. யாரும் திருடவில்லை. எடுத்தவர்கள் எல்லோரும் என்னிடமே வந்து நன்றி சொன்னார்கள்.

பழப் பறிப்பு முடிந்த வாரம் பார்த்தால், ஒரு வளைவில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. மழைக்கு ஆடு மேய்க்கிறவர்கள் அதனடியில்தான் ஒதுங்குவார்கள். அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். ஆபத்து என்று நான் எழுதிக் கொடுத்தால் இடித்துவிடலாம் என்றார்கள். அத்தனை காலம் நகராத ஃபைல் இதற்கு ஒரே வாரத்தில் நகர்ந்தது. கையெழுத்துப் போட்டேன். எழுதியதில் பொய் எதுவும் இல்லை.

அன்றே ஆர்க்கிடெக்ட் அம்மாவுக்குப் போன் செய்து, சாக்பீஸ் விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் பந்தல்கள் நின்றனவா என்று கேட்டார். நின்றன, விளைச்சலும் நல்ல விளைச்சல் என்றேன்.

"அந்தப் பழத்தை எங்க வெச்சு வித்தாங்க?"

"ரோட்டோரத்துலதாம்மா," என்றேன். "வெயில்ல."