கின்னிக்கோழி முட்டை

ஷாதிபூர் வீட்டில் இன்று விளக்கேற்றும்போது அடுத்த வீட்டுக் கின்னிக்கோழி கத்தியது. முருகன் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சிறு வயதில், கேம்பல் பே என்ற தீவு ஊரில் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியின் கின்னிக்கோழி என் கையிலேயே அரிசி தின்னும். எங்கள் வேலிப் புதரில் அது இட்ட முட்டைகளை யாருக்கும் தெரியாமல் அவித்துத் தின்றுவிட்டேன். ஆன்ட்டி தேடி வந்தார்.

"பேட்டா, முட்டை தேகா? பார்த்தியா?"

"முருகன் மேல சத்தியமா நஹி, ஆன்ட்டி."

"அப்போ பாம்புதான் தின்னிருக்கும். உங்க அடைக்கோழிகிட்ட வச்சுப் பொரிச்சா, முதல் ஜோடிக் குஞ்சு உனக்குத்தான்னு நெனச்சேன்," என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

மறுநாளும் அந்தக் கோழி வேலி தாண்டி ஓடி வந்தது. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அதே கையால்தான் விளக்கேற்றுகிறேன், முருகா.