குரும்பூர் கேட்டில் இறங்கியவள்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற டேவிட்சனுக்கு ஒரு கனவு இருந்தது. நூறு அடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, அடுத்த கன்டெய்னர் லாரிக்காகக் காத்திருக்கும்போது அந்தக் கனவு வரும். கடல் காற்றில் கூண்டு தொட்டில் மாதிரி லேசாக ஆடும். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் எல்லாம் ஒரே நீலமாகக் கரைந்து கிடக்கும். அந்த நீலத்துக்குள் ஒரு சாலை நீளும். சாலையில் அவனுடைய புல்லட் போகும். பின்னால் மனைவி தேவகனி உட்கார்ந்திருப்பாள். அவள் முகம் தெரியாது. தோளில் அவள் கை மட்டும் இருக்கும். கனவு கலைந்த பிறகும் அந்தக் கையின் சூடு கொஞ்ச நேரம் தோளில் மிச்சமிருக்கும்.

ஐம்பது வயது மனுஷனுக்கு இதுவும் ஒரு கனவா என்று நீங்கள் கேட்கலாம். தாலி கட்டின மனைவி. வாசலிலேயே நிற்கிறது வண்டி. ஏறி உட்கார வேண்டியதுதானே? உட்காரவில்லையே! இருபத்துமூன்று வருடமாக தேவகனி அந்த வண்டியில் ஏறவில்லை.

மகள் ஜெப்ஸி வேலைக்குப் பெங்களூர் போன பிறகு முத்தையாபுரத்து வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. தேவகனி காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறினால் சாயங்காலம் பஸ்ஸில் வருவாள். மூன்றாம் வகுப்பு டீச்சர். நோட்டுத் திருத்துவாள், ஜெபம் பண்ணுவாள், படுத்துவிடுவாள். டேவிட்சன் சனிக்கிழமைகளில் புல்லட்டை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் கிளம்பிவிடுவான். ஒரு வாரம் ஆலந்தலை, ஒரு வாரம் வேம்பார். கூட வேலை பார்க்கிற செல்வினும் வருவான். செல்வினுக்குப் பின்னால் அவன் மனைவி விக்டோரியா உட்கார்ந்திருப்பாள். டேவிட்சனுக்குப் பின்னால் தண்ணீர் பாட்டில் கட்டியிருக்கும்.

"ஏளா தேவகனி, விடியக் கெளம்புனா ஒம்பது மணிக்கு வீடு. இட்லிய வந்து கூட அவிச்சிக்கிடலாம்" என்பான்.

"நீங்க போயிட்டு வாங்க அத்தான். அந்தச் சவத்து வண்டிய நான் தொடமாட்டேன்."

அவன் என்னென்னவோ செய்து பார்த்தான். பின் சீட்டுக்குப் புதிதாக மெத்தை போட்டான். மெரூன் கலரில் ஒரு ஹெல்மெட் வாங்கி வந்தான். அதை அவள் அடுக்களையில் மாவுப் பாத்திரத்தின் மேல் கவிழ்த்து வைத்தாள். "பல்லி விழாம இருக்கும்லா" என்றாள். கடைசியில் சபைப் பாஸ்டரையே பிடித்து, ஆராதனை முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னான். அவரும் சிரித்துக்கொண்டே தேவகனியிடம் சொல்லிப் பார்த்தார்.

"மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படியணும்னு வேதத்துல இருக்கு ஐயா. புல்லட்ல ஏறணும்னு எந்த அதிகாரத்துல இருக்கு? சொல்லுங்க, ஏறுதேன்" என்றாள் தேவகனி. பாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவள் ஏன் ஏறவில்லை என்பது ஊருக்கே தெரிந்த கதைதான். டேவிட்சனே அதை வேடிக்கைக் கதையாக நூறு தடவை சொல்லியிருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்வின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், நூற்றோராவது தடவையாகவும் சொன்னான்.

"கல்யாணம் முடிஞ்சி நாலாவது மாசம். எங்க ஊரு நாசரேத்துல அசனம்" என்று ஆரம்பித்தான். அசனம் என்றால் கோயில் பண்டிகையில் சபை முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. மிச்சத்தைத் தூக்குவாளியில் வீட்டுக்கும் வாங்கி வருவார்கள். "இவ மடியில வாளிய வச்சிக்கிட்டுச் சைடுல உக்காந்து வாரா. குரும்பூர்ல ரயில்வே கேட்டு அடைச்சிருக்கு. கால் மரத்துப்போச்சின்னு இவ இறங்கியிருக்கா. எனக்குத் தெரியாது. கேட்டத் தொறந்தான், பின்னால எல்லாவனும் ஹாரன் அடிக்கான், நான் ஒரே மிதி, பறந்துட்டேன்! வழியெல்லாம் பேசிக்கிட்டே வாரேன். 'உங்க சாத்தான்குளத்து அசனமும் ஒரு அசனமா, எங்க ஊருக் கறியத் தின்னு பாத்தியா'ன்னு கேக்கேன். பதிலு இல்ல. ஊரக் கொற சொல்லிட்டோம், மூஞ்சத் தூக்கிட்டா போலன்னு நெனைச்சேன். முக்காணிப் பாலத்துலேர்ந்து சமாதானம் பேசுதேன். 'சரி தாயி, உங்க ஊரு அசனம்தான் ஒசத்தி'ன்னு சத்தியம் பண்ணிக்கிட்டே வீட்டு வாசல்ல வந்து நிறுத்துனா, சீட்டு காலி!"

செல்வின் மேசையைத் தட்டிச் சிரித்தான். டேவிட்சனும் சிரித்தான். தேவகனி வழக்கம்போல உதட்டை மட்டும் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தாள்.

விக்டோரியா சிரிக்கவில்லை. "எவ்வளவு நேரம் அங்கன நின்னிய அக்கா?" என்று கேட்டாள்.

இருபத்துமூன்று வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"ஒரு மணி நேரம் நாப்பது நிமிசம்" என்றாள் தேவகனி. "கேட்டு ரூம்ல ஒரு கடிகாரம் மாட்டியிருந்துச்சி."

மேசையில் சிரிப்பு அப்படியே நின்றது.

தேவகனி வீட்டுக்கு ஆட்டோவில் வந்தாள். பின்னாலேயே டேவிட்சன் புல்லட்டில் வந்தான். அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது என்பது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் அவளைக் கேட்டில் கண்டுபிடித்தபோது அவள் வண்டியில் ஏறாமல் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் தூக்குவாளியோடு அவள். பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டு பின்னால் அவன்.

"சிரிப்புக்குத்தானேளா சொன்னேன்" என்றான், கதவைத் திறந்துகொண்டே.

"மறந்து விட்டுட்டுப் போனது பெருசில்ல அத்தான். அவசரம். மனுசன்தானே. ஆனா திரும்பி வந்து என்ன சொன்னிய? யோசிச்சிப் பாருங்க."

அவன் யோசித்தான். ஒன்றும் வரவில்லை.

"வண்டிக்கு உன் பாரமே தெரியல தேவகனின்னு சொன்னிய." அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவனை என்னவோ செய்தது. "நாலு மாசத்துப் பொண்டாட்டிகிட்ட. முப்பது கிலோமீட்டர் பேசிக்கிட்டே போயிருக்கிய, பின்னால ஆள் இல்ல. இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டாலும் ஒண்ணு. பஸ்ல கண்டக்டருக்காவது தெரியுது நான் இருக்கேன்னு. டிக்கெட் கேக்கான்."

உள்ளே போய்விட்டாள். வாசலில் புல்லட் சூடு ஆறாமல் டிக் டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் அவளுக்கு வண்டி பயம் என்று அவன் நினைத்திருந்தான். வண்டியிலா பயம்! தன்னைப் பார்த்தல்லவா பயந்திருக்கிறாள்!

மறுநாள் கிரேனில் ஒரு காரியம் நடந்தது. கீழே நின்று வாக்கி டாக்கியில் சொல்கிறவன் சுடலைராஜ். கன்டெய்னரின் நாலு மூலையும் பூட்டு விழுந்ததும் "ஏத்துங்க அண்ணாச்சி" என்று அவன் குரல் வர வேண்டும். வந்தால்தான் டேவிட்சன் தூக்குவான். அன்றைக்குக் குரல் வரவில்லை. கண்ணாடித் தரை வழியாகக் குனிந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஆனாலும் கை லீவரை அசைக்க மறுத்தது. ஒரு நிமிடம், இரண்டு, நாலு. கீழே லாரிக்காரர்கள் கத்தினார்கள். கடைசியில் சுடலைராஜ் வேறொரு வாக்கி டாக்கியை வாங்கி, "பேட்டரி போச்சி அண்ணாச்சி! தூக்கியிருக்கலாம்லா, பூட்டுதான் விழுந்திட்டே!" என்றான்.

"ஏலே, பதில் வராம நான் தூக்க மாட்டேம்லே" என்றான் டேவிட்சன்.

சொன்ன வாய் மூடவில்லை. அந்த வார்த்தை அந்தக் கூண்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. யாருடையதோ, எந்த ஊருக்கோ போகிற ஒரு இரும்புப் பெட்டி. அதற்காக நாலு நிமிடம் காத்திருக்கிறவன், ஏறிவிட்டாயா என்று அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லையே! கீழே கப்பலும் கடலும் தண்ணீரில் வரைந்த படம்போல அலம்பின. கண்ணைத் துடைத்த பிறகுதான் அலம்பியது கடல் இல்லை என்று தெரிந்தது.

அடுத்த ஓய்வு நாளில் அவன் புல்லட்டைத் தொடவில்லை. பஸ் ஏறிக் குரும்பூர் போனான். ரயில்வே கேட் பக்கத்தில் நின்றான். சாயங்காலம் பஸ்ஸிலேயே வீட்டுக்கு வந்தான். முகம் கறுத்துப்போயிருந்தது.

"எங்க போயிட்டு வாறிய?" என்றாள் தேவகனி.

"குரும்பூர் கேட்டுல நின்னுட்டு வாரேன். ஒரு மணி நேரம் நாப்பது நிமிசம்."

அவள் கையிலிருந்த சிவப்புப் பேனா நோட்டின் மேல் அப்படியே நின்றது.

"கிறுக்கா உங்களுக்கு? இந்த வெயில்ல?"

"வெயிலு பெருசில்ல. தூரத்துல ஒரு புல்லட் சத்தம் கேட்டா நெஞ்சு எந்திரிச்சி நிக்கி. நமக்குத்தான் வருதுன்னு. அது நம்மளத் தாண்டிப் போயிருது. அடுத்தது வருது. அதுவும் போயிருது." அவன் செருப்பைக் கழற்றாமலே நின்றான். "இருவத்துமூணு வருசமா உன்ன அங்கனயே விட்டுட்டு நான் மட்டும் வீட்டுக்கு வந்திருக்கேன் தேவகனி."

அவள் நோட்டை மூடினாள். எழுந்து அடுக்களைக்குப் போனாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. கழுவுவதற்கு அங்கே ஒரு பாத்திரமும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

அடுக்களை வாசற்படிக்கு இப்பால் நின்றே பேசினான். "ஏறுன்னு இனிமே கேக்க மாட்டேன். ஆனா என்னைக்காவது ஏறுனா, கிரேன் சட்டம்தான். நீ உன் வாயால சொல்லாம வண்டி நகராது."

"சாப்பிட வாங்க. மீன் கொழம்பு ஆறுது" என்று மட்டும் பதில் வந்தது.

சனிக்கிழமை விடியற்காலை. அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அடுத்த வீட்டு விளக்கு கூட எரியவில்லை. பின்னால் கதவு திறந்தது. ஜெப்ஸி விட்டுப்போன சுடிதாரைப் போட்டுக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டோடு தேவகனி நின்றாள்.

"சிரிச்சியன்னா திரும்பி உள்ள போயிருவேன்" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. சிரிக்கவும் முடிந்திருக்காது. கிக்கரை மிதித்தான். புல்லட் தன் பழைய நெஞ்சைத் திறந்து பாடத் தொடங்கியது.

"ஏறியாச்சா?"

"ஏறியாச்சு."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் விழித்துக்கொண்டே கண்ட கனவு. ஊரைத் தாண்டினார்கள். தருவைக்குளம் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம் விரிந்தது. பாத்திகளில் வானம் இறங்கிக் கிடந்தது. முதலில் சாம்பல் நிறம், பிறகு ரோஜா நிறம், பிறகு பெயரில்லாத ஒரு நிறம். வண்டி சாலையில் போகிறதா, வானத்தின் நடுவில் போகிறதா என்று தெரியவில்லை. உப்புக் குவியல்கள் வெள்ளைப் படகுகள் போல மிதந்து பின்னால் போயின. காற்றில் உப்பு இனித்தது. அவன் தோளில் கை இல்லை. அவள் கை சீட்டின் பின்கம்பியைத்தான் பிடித்திருந்தது. ஆனாலும் வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் இரண்டு பேருடைய வண்டியாக இறங்கி ஏறியது.

கீழவைப்பாரில் கடற்கரை ஓரம் நிறுத்தி டீ குடித்தார்கள். சங்கு குளிக்கிறவர்களின் படகுகள் தொலைவில் புள்ளிகளாகத் தெரிந்தன. "டீயில இஞ்சி தூக்கலா இருக்கு" என்றாள் அவள். "ஆமா" என்றான் அவன்.

திரும்பக் கிளம்பினார்கள். வீடுகளுக்கு நடுவே போகிற குறுகலான தெரு. பின்னால் ஒரு மீன் வேன் வந்து நின்றது.

"ஏறியாச்சா?"

பதில் இல்லை.

அவன் காத்திருந்தான். வேன்காரர் ஹாரன் அடித்தார். கண்ணாடியில் பார்க்கலாம். தலையைத் திருப்பலாம். ஒரு விநாடி வேலை. அவன் பார்க்கவில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டால் அது தன் கண் சொன்னதாக ஆகும். அவள் சொன்னதாக ஆகாது. வண்டி உறுமிக்கொண்டே நின்றது. சீட்டில் பாரம் இருக்கிறதா இல்லையா என்று உடம்பு முழுவதையும் காதாக்கிக் கேட்டுப் பார்த்தான். இறங்கிப் போய்விட்டாளோ? பஸ்ஸைத் தேடிப் போய்விட்டாளோ? நெற்றியில் வியர்வை கோடு இழுத்தது.

"அண்ணாச்சி, வண்டிய எடுங்க! மீனு நாறிரும்!" என்று வேன்காரர் தலையை நீட்டினார்.

"பதில் வரல அண்ணாச்சி" என்றான் டேவிட்சன்.

"எங்கயிருந்து வரணும்?"

"பின்னாலயிருந்து."

வேன்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் சீட்டில்தான் நேராக உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட் கண்ணாடிக்குள் அவள் கன்னம் நனைந்திருந்தது. வேன்காரர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு இஞ்சினை அணைத்தார். ஹாரன் சத்தம் ஓய்ந்தது. கடல் ஒரு மூச்சு விட்டு, இன்னொரு மூச்சு வாங்கியது.

"ஏறியாச்சு அத்தான்" என்றாள் தேவகனி.

அப்போது அந்தக் கை தோளுக்கு வந்தது. கனவில் வந்த கையைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது. மோதிரம் அழுத்தியது.

வைப்பாற்றுப் பாலம் தாண்டியதும் அவள் பேச ஆரம்பித்தாள். எங்கே தொடங்கினாள் என்று அவனுக்குப் புரியவில்லை. மூன்றாம் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளையைப் பற்றி என்னவோ சொன்னாள். பாதியைக் காற்று கொண்டுபோனது.

"என்னளா?"

மறுபடி சொன்னாள். அதிலும் பாதிதான் கேட்டது. அவன் வேகத்தைக் குறைத்தான். நாற்பது, இருபது, பத்து. இப்போது ஒவ்வொரு சொல்லும் காதருகே வந்தது. அந்தப் பிள்ளை கடைசியில் டீச்சரிடம் மட்டும் ரகசியமாகப் பேசிய முதல் வார்த்தை வரைக்கும் வந்திருந்தாள்.

நுங்குக் குலை கட்டிய ஒரு சைக்கிள் அவர்களைத் தாண்டிப் போனது. சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, புல்லட்ல பெட்ரோல் தீந்துட்டா?" என்று சிரித்தார்.

டேவிட்சன் பதில் சொல்லவில்லை. தேவகனி வாக்கியத்தை இன்னும் முடிக்கவில்லை.