மசாலா பாக்கெட்டில் உப்பு

திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் மனையியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் சமையல் போட்டி என்றால் நடுவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு வாய் சாப்பிட்டாலே அதில் என்னென்ன விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. மற்றவர்கள் நம்பியதைவிட நான்தான் அந்தப் பேரை அதிகம் நம்பினேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சிறுதானியச் சமையல் போட்டி நடந்தது. கிராமத்து மகளிர் குழுக்களிலிருந்தும் வந்திருந்தார்கள், டவுன் வீடுகளிலிருந்தும் வந்திருந்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கேஸ் அடுப்பு, ஒரு எண் அட்டை. கடையில் வாங்கிய மசாலாப் பொடி சேர்க்கக்கூடாது என்பது முக்கியமான விதி. அந்த விதியை எழுதிக்கொடுத்ததே நான்தான்.

பதினோராம் எண் மேசையில் கெடார் பக்கமிருந்து வந்த ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். கூலிக்கு வயல் வேலை செய்கிறவர் என்று அவர் கையைப் பார்த்தே தெரிந்தது. கேப்பைக் களியும் மல்லாட்டைக் குழம்பும் செய்திருந்தார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அலங்காரம் ஒன்றும் கிடையாது. ஒரு எவர்சில்வர் தட்டு, களி நடுவில் பள்ளம், அதில் குழம்பு.

என்னுடன் இன்னொரு நடுவர், ஓட்டல் மாஸ்டர் ஒருவர். அவர் ஒரு விள்ளல் தொட்டு வாயில் போட்டுவிட்டு என் காதருகே குனிந்தார். "இதான் ஃபர்ஸ்ட்டு டீச்சர். வேற பேச்சே இல்ல."

நானும் சாப்பிட்டேன். வறுத்த மல்லாட்டை தெரிந்தது. பூண்டும் காய்ந்த மிளகாயும் தெரிந்தன. அடியில் ஒரு புளிப்பு இருந்தது. அது புளியும் இல்லை, தக்காளியும் இல்லை, மோரும் இல்லை. விழுங்கிய பிறகும் நாக்கில் நின்றது. எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. தெரியவில்லை என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏம்மா, இதுல என்ன போட்ட?" என்று கேட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். கேட்கவில்லை. கேட்டால் என் பேர் என்னாவது?

மதியம் பரிசு அறிவிக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் பதினோராம் மேசைக்கு அடியிலிருந்து ஒரு காலி பாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கடைகளில் தொங்குகிற மசாலாத் தூள் பாக்கெட். முனை வெட்டப்பட்டு, ரப்பர் பேண்டு சுற்றியிருந்தது. அந்தப் புளிப்புக்கு விடை கிடைத்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாகவே இருந்தது. இன்றைக்கும் எழுதக் கூசுகிற விஷயம் அந்த நிம்மதிதான்.

மாஸ்டர் தயங்கினார். "தனியா கூப்ட்டு கேட்டுடலாம் டீச்சர்."

"எல்லாருக்கும் தெரியட்டும் சார். விதின்னு ஒண்ணு இருக்கில்ல" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கையில் எடுத்தேன். அந்தப் பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டேன். பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"இது உன்னோடதா?"

"ஆமாங்க டீச்சர்."

"கடை மசாலா போடக்கூடாதுன்னு சொன்னாங்களா இல்லையா?"

"நான் மசாலா போடலைங்க. உப்பு எடுத்துக்கினு வந்தேன்."

"மசாலா பாக்கெட்டுல உப்பா?"

மைக்கில் கேட்டேன். மண்டபம் முழுக்கச் சிரித்தது. முன்வரிசையில் நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிரிப்பு அடங்கவில்லை. படியிறங்கிப் போய், பாத்திரங்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். முதல் பரிசு டவுனிலிருந்து வந்த ஒரு டாக்டரின் மனைவிக்குப் போனது. வரகரிசிப் பிரியாணி செய்திருந்தார்.

நாலைந்து நாள் கழித்து என் கைப்பையைச் சுத்தம் செய்தபோது அந்த பாக்கெட் கிடைத்தது. சாட்சிக்காக வைத்துக்கொண்டதை மறந்தே போயிருந்தேன். குப்பைக்கூடையில் போடப் போனவள், பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனேன். ஒரு வாசனையும் இல்லை. மசாலா பாக்கெட்டை எத்தனை நாள் வைத்திருந்தாலும் மல்லியும் சோம்பும் மணக்கும். இது நன்றாகக் கழுவிக் காயவைத்த பாக்கெட். உள்பக்கத்தைப் பிதுக்கி வெளியே திருப்பினேன். மடிப்பில் நாலு கல் உப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.



அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. அந்த டாக்டர் மனைவியின் மேசையிலும் கடைப் பேர் போட்ட ஒரு மசாலா டப்பா இருந்தது. நான் பார்த்தேன். "பழைய டப்பால வீட்டுப் பொடி போட்டு எடுத்துக்கினு வந்திருக்காங்க" என்று நானாகவே நினைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. அவரிடம் "நீங்க" என்று பேசினேன். இவரை "நீ" என்றேன். அந்த டப்பாவில் நிஜமாகவே வீட்டுப் பொடிதான் இருந்திருக்கலாம். ஒருவர்மேல் தானாக வந்த நம்பிக்கை மற்றவர்மேல் ஏன் வரவில்லை என்பதற்கு என்னிடம் கௌரவமான பதில் இல்லை.

மறுநாள் காலையில் பஸ் ஏறி விழுப்புரம் போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் கெடாரில் இறங்கினேன். டீக்கடையில் விசாரித்தேன். "யாரு, மசாலா பாக்கெட்டுல உப்பா, அந்த அம்மாவா?" என்று கேட்டார் கடைக்காரர். வீடியோ அங்கேயும் வந்திருந்தது. என் முகத்தை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துத் திரும்பி நின்றதால் வீடியோவில் என் முதுகுதான் தெரிந்திருக்கிறது.

அவர் ஒரு மல்லாட்டைக் கொல்லையில், பிடுங்கிப் போட்டிருந்த செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கோபம் ஒன்றும் காட்டவில்லை. உட்காரச் சொல்லி ஒரு சாக்கை விரித்தார்.

"உப்புதான் இருந்துச்சு. நான் பாக்காம பேசிட்டேன். தப்பு என்னோடதுங்க" என்றேன்.

"சரிங்க டீச்சர்."

"அந்தக் குழம்புல புளிப்பு எங்கேர்ந்து வந்துச்சு?"

"புளிச்ச கூழுங்க. ரெண்டு நாளு வெச்சா மேல தண்ணி தெளிஞ்சி நிக்கும் இல்ல, அந்தத் தண்ணியில மல்லாட்டைய அரைச்சி ஊத்துவேன். புளி இல்லாதப்ப எங்கம்மா அப்டித்தான் செய்யும்."

இவ்வளவுதான். என் படிப்பிலும் பாடப் புத்தகத்திலும் இல்லாத ஒரு பதில்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"எங்க சொல்றது? நீங்க பாக்கெட்டப் பத்திதான கேட்டீங்க."

மகளிர் குழுவில் இப்போது அவரை எதற்கும் கூப்பிடுவதில்லையாம். ஊர்ப் பேரைக் கெடுத்துவிட்டதாக ஒரு பேச்சு. மயிலத்தில் படிக்கிற மகளுடைய போனுக்கும் வீடியோ போயிருக்கிறது. "ஏம்மா அங்க போனன்னு அழுவுது. அதுக்கு இன்னா சொல்றதுன்னு தெரிலீங்க" என்றார்.

எல்லோருக்கும் எடுத்துச் சொல்கிறேன், குழுத் தலைவியைப் பார்த்துப் பேசுகிறேன் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் ஒரு கொத்துச் செடியை உதறிவிட்டு, சத்தம் உயர்த்தாமல் சொன்னார்:

"மைக்குல சொன்னீங்க டீச்சர். இங்க வந்து காதுல சொல்றீங்க."

திரும்பும் வழியிலேயே போட்டி நடத்திய அம்மாவுக்குப் போன் செய்தேன். "அது முடிஞ்சிப்போச்சு மேடம். பரிசும் குடுத்தாச்சு. மறுபடி கிளறினா எல்லாருக்கும் பேஜாரு" என்றார். ஒரு கடிதம் எழுதிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். காபி கொடுத்தார், கடிதத்தை வாங்கி டிவி பக்கத்தில் வைத்தார். அது அங்கேயே கிடந்திருக்கும்.

கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு என் போனிலேயே ஒரு வீடியோ எடுக்கச் சொன்னேன். என் முகம் தெரியும்படி உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னேன். பாக்கெட்டில் உப்புதான் இருந்தது, அன்றைக்கு முதல் பரிசு அவருக்கு வந்திருக்க வேண்டியது, தடுத்தது நான் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பினேன். ஓட்டல் மாஸ்டர் மட்டும் கூப்பிட்டு, "நல்லது பண்ணீங்க, கொஞ்சம் ஜல்தியா பண்ணியிருக்கலாம்" என்றார். வேறு யாரோ ஒரு கைகூப்புகிற படம் போட்டார்கள். அதற்கடியில் இன்னொருவர் காலை வணக்கம் போட்டார். முந்தைய வீடியோவை ஊர் ஊராகத் தள்ளிவிட்டவர்கள் இதைத் தள்ளவில்லை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு நான் எந்தப் போட்டிக்கும் நடுவராகப் போகவில்லை. அவரும் எந்தப் போட்டியிலும் கலந்துகொண்டதாகத் தெரியவில்லை. நான் அனுப்பிய வீடியோ அவர் கண்ணிலோ அவர் மகள் கண்ணிலோ பட்டதா என்றும் எனக்குத் தெரியாது. அவருடைய போன் நம்பர் என்னிடம் இல்லை. அன்றைக்குக் கொல்லையில் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை.