இரண்டு முறை தூக்கிய கைகள்

எங்கள் தெரு முனையில், பால் பூத்துக்குப் பக்கத்தில், ஒரு கரும்பலகை இருந்தது. நெய்வேலியில் நாங்கள் குடியிருந்த தெருவின் செய்தி முழுவதும் அதில்தான் வரும். நாளை தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்கிறார்கள், காலை எட்டு மணிக்குள் பிடித்துவைத்துக்கொள்ளவும். பூனைக்குட்டிகள் மூன்று, வேண்டியவர்கள் கடைசி வீட்டில் கேட்கவும். தைப்பூசத்துக்கு வடலூர் போகிறவர்கள் பெயர் கொடுக்கவும். இதையெல்லாம் எழுதுகிறவள் நான். எழுபதுகளின் கடைசியில் தொடங்கி ஐந்தாறு வருஷம் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். என் எழுத்து நிமிர்ந்து நிற்கும், புள்ளி தவறாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

சுற்றியுள்ள ஊர்களில் பஞ்சாயத்து, தேர்தல், மெம்பர் என்று ஏதாவது இருந்தது. டவுன்ஷிப்புக்குள் எங்களுக்கு அதெல்லாம் கிடையாது. விளக்கு எரியவில்லை என்றாலும் சாக்கடை அடைத்தாலும் டவுன்ஷிப் ஆபீசுக்கு ஒரு மனு, அவ்வளவுதான். அந்த மனுவை எழுதுவதற்கு எங்கள் தெருவில் ஒரு சங்கம். முப்பத்தாறு வீடு. திருநெல்வேலியிலிருந்து வந்த நாங்கள், கோயம்புத்தூர்க்காரர்கள், ராமநாதபுரத்துக்காரர்கள், இரண்டு மலையாளக் குடும்பம், ஒரு தெலுங்குக் குடும்பம், சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்த பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். ஒரு வீட்டுச் சாம்பார் இன்னொரு வீட்டில் செல்லாது. அப்படிப்பட்ட தெரு எதில் ஒன்றுசேரும் என்று கேட்டால், கூட்டத்தில் கூடச் சேராது. ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தால்தானே! ஒரு கூட்டம் காலை ஷிப்ட், ஒரு கூட்டம் இரண்டாம் ஷிப்ட், ஒரு கூட்டம் இரவு ஷிப்ட். இரவு வேலை பார்த்தவர் பகலில் தூங்கும் வீட்டு கேட்டில் ஒரு துண்டுத் துணி கட்டியிருக்கும். அதைப் பார்த்தால் தபால்காரர்கூடக் குரல் கொடுக்க மாட்டார்.

அதனால் எங்கள் சங்கம் ஒவ்வொரு கூட்டத்தையும் மூன்று முறை நடத்தியது. காலை ஷிப்ட்டுக்காரர்களுக்குச் சாயங்காலம், இரண்டாம் ஷிப்ட்டுக்காரர்களுக்குக் காலை பத்து மணி, இரவு ஷிப்ட்டுக்காரர்கள் தூங்கி எழுந்த பிறகு ஐந்து மணி. அதே பேச்சு, அதே தீர்மானம், மூன்று முறை கை தூக்கி, கடைசியில் கூட்டல். மூன்றிலும் இருக்கக்கூடியவள் ஷிப்ட் இல்லாத நான். செயலாளர் பதவி எனக்கு வந்த கதை இதுதான், திறமை ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டு முன் வராந்தாவிலேயே ஜமக்காளத்தை விரித்துக் கூட்டத்தை நடத்தினேன்.

அந்த வருஷம் மே மாதம் வந்தது குழாய்ப் பிரச்சினை. எங்கள் தெரு முடிகிற இடத்தில், டவுன்ஷிப் வேலிக்கு உள்பக்கம், ஒரு பொதுக்குழாய். சரியாக என் வீட்டு எதிரில். டவுன்ஷிப்பில் தண்ணீருக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம், மந்தாரக்குப்பம் போகிற வழியில், கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தவர்கள் போட்ட கீற்று வீடுகள் ஒரு வரிசை இருந்தன. அங்கே தண்ணீர் கிடையாது. அந்தப் பெண்கள் வேலி இடைவெளி வழியாகக் குடத்தோடு வந்து இந்தக் குழாயில்தான் பிடிப்பார்கள். விடிந்ததிலிருந்து சத்தம். குழாயைச் சுற்றிச் சேறு. விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் எனக்குத் தலை வெடிக்கும். எத்தனையோ நாள் ஜன்னலைப் படாரென்று சாத்தியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவ வந்துகொண்டிருந்த பெண்ணும் அந்த வரிசையில் இருப்பவள்தான். என் வயதுதான் இருக்கும். தலைப் பிரசவத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வந்து வைத்திருந்தாள். குழாயை எடுக்கச் சொல்லிச் சங்கத்தில் பேச்சு வந்திருக்கிறது என்று அவள் காதுக்கு எட்டிவிட்டது.

"டீச்சரம்மா, கொழாய எடுத்துட்டா அப்புறம் மார்க்கெட்டாண்ட இருக்கிற அடிபம்புக்குத்தாங்க போவணும். புள்ள வேற மாசமா இருக்குது. பார்த்து எழுதுங்க" என்றாள்.

"நான் எங்கே எழுதறது? எல்லாரும் கை தூக்குறதை எண்ணுறதுதான் என் வேலை" என்றேன். நியாயஸ்தி மாதிரி சொன்னேன்.

முதல் கூட்டம் சனிக்கிழமை சாயங்காலம், காலை ஷிப்ட்டுக்காரர்களுக்கு. பத்துப் பேர் வந்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், எதைச் சொன்னாலும் சுவையாகச் சொல்கிறவர், அந்தச் சேற்றில் வேலைக்குப் போகிற அவசரத்தில் வழுக்கி விழுந்த கதையைச் சொன்னார். "ஏனுங்க டீச்சர், டிபன் பாக்ஸ் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், நான் நடுவுல. அந்தம்மாக்கள் எல்லாம் கொடத்தை வெச்சுட்டுச் சிரிக்கறாங்க!" என்றார். நாங்களும் சிரித்தோம். எட்டுப் பேர் குழாயை எடுக்கவேண்டும் என்று கை தூக்கினார்கள். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டியில் எங்கள் தெருக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். பாதித் தெரு போய்ச் சாப்பிட்டு, பலாப்பழத்தோடு திரும்பினோம். அதனால் மீதி இரண்டு கூட்டத்தையும் திங்கட்கிழமைக்கு வைத்தேன், பள்ளிக்கூடம் லீவுதான். பலகையிலும் எழுதிப் போட்டேன்: இரண்டாம் ஷிப்ட்டில் இருப்பவர்கள் காலை பத்து மணிக்கு, இரவு ஷிப்ட்டில் இருப்பவர்கள் மாலை ஐந்து மணிக்கு.

திங்கட்கிழமை காலை ஒன்பது பேர் வந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் சேற்றில் விழுந்த கதையைச் சொன்னார். இந்த முறை டிபன் பாக்ஸ் வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. எட்டுப் பேர் எடுக்கவேண்டும் என்றார்கள், ஒருவர் வேண்டாம் என்றார். எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டேன். மாலைக் கூட்டத்தில் பேச்சு அப்படியே மாறியது. ஏழு பேர் குழாய் இருக்கட்டும் என்றார்கள், மூன்று பேர்தான் எடுக்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கூட்டினேன். எடுக்கவேண்டும் பத்தொன்பது, வேண்டாம் பத்து. அன்றைக்கே மனு எழுதிக் கையெழுத்துப் போட்டு, மறுநாள் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தேன். ஆபீசைக் குறை சொல்லவே முடியாது. புதன்கிழமை ஆள் வந்து குழாயைக் கழற்றி, மூடி போட்டு இறுக்கிவிட்டுப் போனார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பொய் சொல்வானேன், அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலாவது வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். பக்கத்துக் கிராமத்துக்காரர், சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட்டில் வேலை. அதிர்ந்து பேச மாட்டார்.

"டீச்சர், எங்க கூட்டம் எப்பங்க?"

"எந்தக் கூட்டம்?"

"கொழா கூட்டந்தாங்க. போன வாரம் நாங்க நைட்டு. சரி, கடசி கூட்டம் நமக்குன்னு இருந்துட்டோம். திங்கக்கெழமையிலேருந்து காலை ஷிப்ட் ஆயிடுச்சி. காலை ஷிப்ட் கூட்டம் சனிக்கெழமையே முடிஞ்சி போச்சின்னாங்க. அதுக்குள்ள கொழாயயும் கழட்டிட்டாங்க. அதான், எங்குளுது எப்பன்னு கேட்டுகினு போலாம்னு வந்தேன்."

உள்ளே போய் நோட்டை எடுத்து, கூட்டத்துக்கு வந்தவர்கள் போட்டிருந்த கையெழுத்துகளைப் பார்த்தேன். வாரம் பிறந்தால் ஷிப்ட் மாறும். இந்த ஊரில் பேச ஆரம்பித்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். சனிக்கிழமை காலை ஷிப்ட்டில் இருந்தவர்கள்தான் திங்கட்கிழமை இரண்டாம் ஷிப்ட் ஆகியிருந்தார்கள். பலகையைப் பார்த்து மறுபடி வந்தார்கள், மறுபடி கை தூக்கினார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? கூப்பிட்டது நான். முந்தின வாரம் இரவு ஷிப்ட்டில் இருந்து, திங்கட்கிழமை காலை ஷிப்ட் ஆனவர்களை நான் கேட்கவே இல்லை. அந்த ஷிப்ட்டில்தான் கிராமத்துக்காரர்கள் அதிகம். கீற்று வீட்டு வரிசையில் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

"மெதுவா நாலு பேர்கிட்ட சொல்லி இன்னொரு மனு கொடுத்துடு. போர்டுல எல்லாம் எழுதாதே. கணக்கு டீச்சர்ங்கிற பேரு என்னத்துக்கு ஆகும்?" என்றார் என் கணவர். நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளும் பாத்திரம் கழுவ வந்தவள் தாமதமாக வந்தாள். தோள்பட்டையைப் பிடித்துவிட்டுக்கொண்டே கழுவினாள்.

"எங்க தோட்டத்துக் குழாயில பிடிச்சுட்டுப் போயேன்" என்று நானாகச் சொன்னேன்.

"வேணாங்க. நான் மட்டும் பிடிச்சிகினு போனா, நாளைக்கு அந்த வரிசையில நான் எப்படிங்க மூஞ்சி காட்டுறது?"

அன்று சாயங்காலம் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு போனேன். 'குழாய் பற்றிய கூட்டத்தில் ஒரு ஷிப்ட்டுக்காரர்களின் கைகளை இரண்டு முறை எண்ணிவிட்டேன். ஒரு ஷிப்ட்டை எண்ணவே இல்லை. தவறு என்னுடையது. வீடு வீடாக வந்து மறுபடி கேட்பேன்.' எழுதி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. காலையில் பார்த்தால் அதற்குக் கீழே யாரோ எழுதிவைத்திருந்தார்கள்: 'பத்து முறை எழுதிக்கொண்டு வரவும்.' நான் மாணவர்களின் நோட்டில் சிவப்பு மையில் எழுதுகிற வாசகம். எந்த வீட்டு வேலை என்று எனக்குத் தெரியும். அழிக்கவில்லை. ஒரு வாரம் அப்படியே இருந்தது. பால் வாங்க வந்த தெரு முழுவதும் சிரித்தது.

நோட்டோடு வீடு வீடாகப் போனேன். துணி கட்டிய கேட்டுகளுக்குச் சாயங்காலம் திரும்பிப் போனேன். கோயம்புத்தூர்க்காரர் மட்டும் வருத்தப்பட்டார். "ஏனுங்க டீச்சர், நானாவா வந்து ரெண்டு தடவை தூக்குனேன்? வரச் சொன்னீங்க, வந்தேனுங்க" என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எடுத்தது எடுத்ததாக இருக்கட்டும் என்றே அவர் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். கடைசியில் எடுக்கவேண்டும் பதின்மூன்று, இருக்கட்டும் பதினெட்டு. புது மனுவில் சேறு தேங்காமல் ஒரு வாய்க்கால் வேண்டும் என்றும் சேர்த்தேன். அது முன்னாலேயே ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

புதுக் குழாய், சிமெண்டு மேடை, வாய்க்கால் எல்லாம் வர மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் அந்த மகளுக்குப் பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை. பிள்ளை பெற்ற வீட்டுக்கு எத்தனை குடம் தண்ணீர் வேண்டும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். கத்திரி வெயிலில் அத்தனையையும் மார்க்கெட்டிலிருந்து இடுப்பில் சுமந்தது எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற இவள்தான். பிள்ளை பார்க்கப் போனபோது, வாசலில் வரிசையாக வைத்திருந்த குடங்களைத் தாண்டித்தான் உள்ளே போனேன்.

குழாயில் மறுபடி தண்ணீர் வந்த அன்று எங்கள் கொல்லைப்புறத்தில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் படியில் உட்கார்ந்தேன். தெருவுக்கெல்லாம் சொல்லாத ஒன்றை அவளிடம் சொல்லவேண்டும்போல் இருந்தது.

"போர்டுல எழுதினது பாதிதான். திங்கட்கிழமை வந்தவங்க முகத்தைப் பார்த்தேன். சனிக்கிழமை வந்தவங்கதான்னு தெரிஞ்சுது. ஒரு நிமிஷம் யோசிச்சேன். அப்புறம் எண்ணிட்டேன். குழாய் போகணும்னு எனக்கும் ஆசை."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெரியுங்க" என்றாள். "ரெண்டு நாளும் நான் இங்கதான கழுவிகினு இருந்தேன். அந்த ஐயா சேத்துல வுழுந்த கதைய ரெண்டு நாளும் சொன்னாரு. ஒரே கொரலு."

"அப்பவே என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கணக்கு டீச்சராச்சே. எண்ணி முடிக்கிறதுக்குள்ள நீங்களே பார்த்துடுவீங்கன்னு இருந்துட்டேன்."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு அவள் குழாய்க்குப் போனாள்.