சந்தனம் பூசிய பிளாப்பி

ராஜபாளையத்தில் நாங்கள் முதலில் வாங்கிய கம்ப்யூட்டருக்கு ஹார்ட் டிஸ்க் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். எழுதியதெல்லாம் பிளாப்பிக்குள் போகும். பிரிண்டர் ஓடினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இப்போது போனிலேயே எழுதுகிறேன், தானாகச் சேமித்துக்கொள்கிறது. ஆனாலும் அந்தக் கரகர சத்தத்துக்கு மனசு ஏங்கத்தான் செய்கிறது.

என் முனைவர் பட்ட ஆய்வேடு முழுவதும் ஒரே பிளாப்பியில் இருந்தது. விஜயதசமிக்கு மறுநாள் மதுரையில் கொடுத்தாக வேண்டும். அதுதான் கடைசி நாள். சரஸ்வதி பூஜையன்று வீட்டுப் புத்தகங்களோடு பிளாப்பியையும் சேர்த்துப் பூஜையில் வைத்துவிட்டார் என் மாமியார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

காலையில் எடுத்துப் பார்த்தேன். மேலே பொட்டு வைத்திருந்தால் பரவாயில்லை. பிளாப்பியின் தகர மூடியை நகர்த்தி, உள்ளே தெரியும் தகட்டிலேயே சந்தனமும் ஆண்டாள் கோவில் குங்குமமும் அப்பியிருந்தார் மாமியார்.

"உள்ளுக்குள்ள யாராவது பொட்டு வைப்பாங்களா அத்தை?" என்றேன். பிளாப்பியை அவர் முன்னால் நீட்டினேன்.

அத்தை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், அதிர்ந்து பேசாதவர். "நீ படிச்சது அம்புட்டும் அதுக்குள்ளதான இருக்குன்னு சொன்ன? அதான் உள்ள வச்சேன்."

என் படிப்பே அவருக்குப் பிடிக்காது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஈரப் பஞ்சால் துடைத்து, காயவைத்து, டிரைவில் போட்டேன். கறமுறவென்று கத்திவிட்டு, படிக்க முடியவில்லை என்றது திரை. எடுத்துத் துடைத்து மறுபடி போட்டேன். முதல் இயல் திறந்தது. உடனே அச்சுக்கு அனுப்பினேன். அடுத்ததும் வந்தது. கடைசி இயல் மட்டும் என்ன செய்தும் வரவில்லை.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், "விடு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுப்படியிலிருந்து அத்தை வந்தார்.

"அடுத்த வருசமா? நாளைக்கு அவ மதுரைக்குப் போறா. ஏலே, நீ போயி உலை வையி."

அந்த வீட்டு ஆண்கள் அடுப்படிக்குள் போய் நான் பார்த்ததில்லை. என் கணவர் போனார்.

இனி பிளாப்பியை நம்ப முடியாது. கடைசி இயலை ஒவ்வொரு பக்கமாக நினைவிலிருந்து அடித்து, அடித்ததும் அச்செடுத்துவிட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் அந்தப் பக்கமும் போச்சு. அத்தை ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ம், எழுது" என்றார்.