பள்ளத்தில் நிறுத்திய லாரி

பள்ளத்தம்மா, 1946–2017. இப்பெயரைக் கேலியாகச் சூட்டியவர் கணவரின் தம்பி. அதனை மரியாதைக்குரிய பெயராக மாற்றியவர் இவரே.

கணவனும் மனைவியுமாக ஒரு மருத்துவமனை வளாகத்திலும் இரண்டு விளையாட்டுத் திடல்களிலும் புல் வெட்டிப் பிழைத்தனர். ஏறி அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி இவர்களுடையது. அதைச் சுமக்கும் சிறு லாரி கொழுந்தனுடையது. 1988 ஜூன் மாதம் பெரிய திடலில் வேலை முடிந்து புறப்படும் அவசரத்தில், கணவர் புல்வெட்டியை லாரியில் ஏற்ற முன்முகமாகவே சாய்பலகைமேல் ஓட்டினார். அதன் எஞ்சினோ பின்புறம் இருந்தது. பாதி ஏற்றத்தில் முன்சக்கரங்கள் எழும்ப, இயந்திரம் மல்லாந்தது. அவருடைய இடுப்பெலும்பு முறிந்தது. புல்வெட்டி திடலின் கொட்டகையிலேயே கிடந்தது.

மூன்றாம் வாரம் கொழுந்தன் வந்தார்.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை ஒருத்தர் புல்வெட்டியை வாங்க வர்றார். குடுத்துடலாம்."

"குடுத்துட்டு?"

"அண்ணனாலயே முடியலை. நீங்க ஏத்திடுவீங்களா? முதல்ல பலகை உங்களைத் தாங்கணும்!"

"என் உடம்பை அப்புறம் கேலி பண்ணலாம் தம்பி. ஞாயித்துக்கிழமை நான் தனியா ஏத்துறேன். ஏத்திட்டா லாரியை என் வேலைக்கு விடணும். இல்லேன்னா நானே வாங்க வர்றவர் கையில புல்வெட்டிச் சாவியைக் குடுத்துடறேன்."

கட்டிலில் கிடந்த கணவர், "அந்தப் பழைய பலகையை மட்டும் தொடாத," என்றார்.

இவர் அளந்து பார்த்தார். லாரித் தளத்தின் உயரம் முக்கால் மீட்டர். பழைய பலகைகளின் நீளமோ ஒன்றரை மீட்டர்தான்; ஏற்றம் செங்குத்தாக இருந்தது. வெல்டிங் பட்டறையில் மூன்று மீட்டர் நீளத்தில் இரண்டு இரும்புச் சட்டப் பலகைகள் செய்வித்தார். அதிலும் நிறைவு கொள்ளாமல், அளவுநாடாவுடன் திடலைச் சுற்றி நடந்தார். பின்வேலியோரம் மழைநீர் ஓடிப் பதிந்த பாதை ஒன்று இருந்தது. லாரியின் பின்சக்கரங்களை அதில் இறக்கினால், தளத்துக்கும் திடலுக்கும் இடையே முழங்கால் உயரமே எஞ்சியது.

"லாரிக்குப் பள்ளம் தேடுற முதல் ஆளு நீங்கதான். பள்ளத்தம்மா!" என்று சிரித்தார் கொழுந்தன்.

ஞாயிறு காலை, வாங்க வந்தவரும் கொழுந்தனும் வேலியருகே நின்றனர். பின்சக்கரங்கள் பள்ளத்தில் நின்ற லாரியின் கைபிரேக்கை இவர் இழுத்து, சக்கரங்களுக்கு அடைகல் வைத்து, பலகைகளைத் தளத்தின் விளிம்போடு சங்கிலியால் இறுக்கினார். வெட்டுத்தகட்டை நிறுத்தி உயர்த்தினார். கனமான பக்கம் மேலே இருக்கும்படி, புல்வெட்டியைப் பின்முகமாக மெல்ல ஏற்றினார். பின்சக்கரங்கள் தளத்தைத் தொட்டதும் இடப்பக்கப் பலகை ஒரு விரற்கடை நகர்ந்தது. உடனே நிறுத்தி, நேராகக் கீழே ஓட்டி வந்தார்.

"அவ்ளோதான் அண்ணி, தோத்துட்டீங்க."

"இறங்குறது தோக்குறதா தம்பி? உங்க அண்ணன் இறங்கலை, விழுந்தார்."

"மழை வேற வரும்போல இருக்கு. முடிவைச் சொல்லுங்கம்மா," என்றார் வாங்க வந்தவர்.

"காரணம் தெரியட்டும், சொல்றேன்."

குனிந்து பார்த்ததும் தெரிந்தது: எடை ஏறியபோது லாரியின் பின்பகுதி தாழ்ந்திருக்கிறது, இறுக்கிய சங்கிலி தொய்ந்திருக்கிறது. கொட்டகையில் உடைந்து கிடந்த பெஞ்சின் கால்களைக் கொண்டுவந்து, பின்பகுதி தாழாதபடி லாரிச் சட்டத்தின் அடியில் முட்டுக் கொடுத்தார். தூறல் தொடங்கியது. பலகைகளைத் துணியால் துடைத்துவிட்டு, மீண்டும் ஏறி அமர்ந்தார்.

இம்முறை பலகை அசையவில்லை. எஞ்சினை அணைத்து, பிரேக்கைப் பூட்டி, நான்கு மூலைகளிலும் பட்டை கட்டி இறங்கிய பிறகே கொழுந்தனிடம் கையை நீட்டினார். அவர் லாரிச் சாவியை அதில் வைத்தார்.

"அப்போ நான் எதை வாங்குறது?" என்றார் வந்தவர்.

"ரெண்டு டீ வாங்குங்க. எனக்கொண்ணு, எங்க அண்ணிக்கொண்ணு," என்றார் கொழுந்தன்.

கணவர் ஊன்றுகோலுடன் எழுந்து நடந்தார். அதன்பின் தகடு தீட்டும் வேலை அவருடையதாயிற்று. ஏற்றும் வேலையை இவர் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியாக இவர் புல்வெட்டியை லாரியில் ஏற்றியது 2014 செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை.