மாமா சொல்லிக்கொடுத்த பதில்

எங்கள் வீட்டில் அந்த வருடம் மூன்று கட்சிகள் இருந்தன. தேர்தலுக்காக அல்ல. அக்காவுக்கு மெடிக்கல் காலேஜில் இடம் கிடைக்க எது முக்கியம் என்பதற்காக.

மார்க்தான் முக்கியம் என்பது அப்பாவின் கட்சி. அவர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. கூட்டினால் சரியாக வருகிற எதையும் நம்புவார். வெக்காளியம்மன்தான் முக்கியம் என்று அம்மா சொன்னாள். நாங்கள் இருந்தது உறையூர். அம்மன் கூப்பிடு தூரத்தில் இருந்ததால் இந்தக் கட்சிக்குக் கொஞ்சம் செல்வாக்கு அதிகம். எதிர்வீட்டு அம்மாள் இரண்டையும் கேட்டுவிட்டு, "சிபாரிசு இல்லாம அங்க வாட்ச்மேன்கூட உள்ள விடமாட்டான்" என்று தினம் ஒருதரம் வந்து பயமுறுத்திவிட்டுப் போவாள். அக்கா மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. பி.யூ.சி.யில் நிறைய மார்க் வாங்கிவிட்டு, அது வேறு யாரோ வாங்கியது மாதிரி மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

இண்டர்வியூதான் முக்கியம் என்று நான்காவது கட்சியாக வந்து சேர்ந்தவர் மாமா. அம்மாவின் கடைசித் தம்பி. ஸ்ரீரங்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, ஸ்ரீரங்கத்துக்கும் ஜங்ஷனுக்கும் ஓடிய டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். அக்காவுக்கு இண்டர்வியூ என்று தெரிந்த நாளிலிருந்து அவருடைய பஸ்ஸில் ஏறிய படித்தவர்கள் யாரும் நிம்மதியாக இறங்கவில்லை. தடிப் புத்தகம் வைத்திருந்தாலே போதும், டிக்கெட்டைக் கிழித்தபடியே, "சார், டாக்டருக்குப் படிக்கணும்னா இண்டர்வியூல என்ன கேப்பாங்க?" என்று ஆரம்பித்துவிடுவார். சேகரித்ததையெல்லாம் சாயங்காலம் மல்லிகைப்பூவோடு சேர்த்துக் கொண்டுவந்து கொட்டுவார். உயிரோடு ஒரு தவளையைக் கையில் கொடுத்துப் பயப்படுகிறாளா என்று பார்ப்பார்களாம். செருப்பைத் தேய்த்து நடந்தால் ஐந்து மார்க் போய்விடுமாம். ஏழைகளுக்குச் சேவை செய்யப்போகிறேன் என்று மட்டும் சொல்லவே கூடாதாம், எல்லோரும் அதையே சொல்லி அவர்களுக்குக் காது புளித்துவிட்டதாம்.

அக்கா மாமாவுக்குத்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததாக எனக்கு நினைவில்லை. தாய்மாமன், முறை இருக்கிறது, வயதும் ஒத்துவருகிறது. அக்கா பெரியவளானபோது ஓலை கொண்டுவந்து குச்சு கட்டியவரும் அவர்தான். பெண்ணை இவ்வளவு தூரம் படிக்க வைக்கிறீர்களே என்று யாராவது கேட்டால் அம்மா, "வெளியிலயா குடுக்கப்போறோம்? என் தம்பிகிட்டதானே இருக்கப்போறா. படிச்சா படிச்சுட்டுப் போறா" என்பாள். மாமாவின் பெயரைச் சொல்லித்தான் அக்கா காலேஜ் வாசலை மிதித்தாள் என்றே சொல்லலாம். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் கல்யாணத்தில் எனக்குக் கிடைக்கப்போகிற அரக்குப் பட்டுப்பாவாடைதான் எனக்கு முக்கியம்.

இண்டர்வியூவுக்கு ஒத்திகை பார்ப்பது என்று முடிவாயிற்று. எங்கள் வீட்டில் யாரும் எந்த இண்டர்வியூவுக்கும் போனதில்லை. அப்பாவின் வேலையே அவருடைய அப்பா இறந்ததால் வந்தது. முன்பின் தெரியாத ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரு பெண்ணைக் கேள்வி கேட்பது என்றால் அம்மாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான், பெண் பார்ப்பது. ஆகவே அந்த முறைப்படியே எல்லாம் நடந்தது. அப்பாவும் மாமாவும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அக்காவுக்குத் தலை வாரிப் பூ வைத்து, தலையைக் குனிந்துகொள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல், பல் தெரியச் சிரிக்காதே என்று எல்லாம் சொல்லி, கையில் காபித் தட்டையும் கொடுத்து அம்மா அனுப்பிவைத்தாள்.

மாமா காபியை எடுத்துக் குடித்துவிட்டுத்தான் யோசித்து அம்மாவிடம் கேட்டார். "அக்கா, கமிட்டிக்குக் காபி நாமளா குடுக்கணும்?"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதன் பிறகுதான் மாமா அந்தக் கேள்வியை எடுத்தார். போன வருடம் தென்னூரில் ஒரு பெண், நல்ல மார்க்காம், போயிருக்கிறாள். எல்லாக் கேள்விக்கும் டாண் டாண் என்று பதில் சொல்லியிருக்கிறாள். கடைசியில் ஒருவர், "நாளைக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டு சமையல்கட்டுக்குள்ள போயிடுவே. உனக்குக் குடுக்கிற இடத்தை ஒரு பையனுக்குக் குடுத்தா நாட்டுக்கு ஒரு டாக்டராவது மிஞ்சும். என்ன சொல்றே?" என்று கேட்டாராம்.

"அதுக்கு அந்தப் பொண்ணு வெக்கப்பட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னுச்சாம். அவ்வளவுதான், போச்சு" என்றார் மாமா. அதைச் சொன்னது அந்தப் பெண்ணின் அப்பாவே. பஸ்ஸில் நின்றுகொண்டே சொன்னாராம்.

அப்பா கோபத்தில் எழுந்து நின்றுவிட்டார். "இது என்ன கேள்வி? மார்க்கைப் பாக்கறதை விட்டுட்டு?"

"கேள்வி நல்லதோ கெட்டதோ, கேப்பாங்க மச்சான். பதில் வேணும்ல?" என்றார் மாமா. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா, தென்னூர்ப் பெண் மாதிரியே, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மாமா வாயைத் திறந்தார், மூடினார். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். பிறகு, "நான் கல்யாணமே பண்ணிக்கப் போறதில்லைன்னு சொல்லிடு" என்றார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம். "நல்ல வார்த்தையே வராதாடா உன் வாயில?"

"சும்மா சொல்றதுதானேக்கா. பின்னாடியே வந்து பாக்கவா போறாங்க? இடம் கிடைக்கட்டும், அப்புறம் நம்ம இஷ்டம்."

அக்காவைச் சொல்லச் சொன்னார். முதலில் அவளுக்குக் குரலே எழும்பவில்லை. "பஸ் பின்னாடி உக்காந்திருக்கிறவனுக்குக் கேக்கணும்" என்று மாமா விரட்டினார். திரும்பச் சொன்னாள், திரும்பச் சொன்னாள். கடைசியாக அவள் தலையை நிமிர்த்திச் சொன்னது எதிர்வீடு வரை கேட்டிருக்கும். மாமா கை தட்டினார். எனக்கும் அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்துப்போனது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் ஏன் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று கேட்டதற்கு அதையே சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கு இரண்டு இடங்களில் அடி கிடைத்தது.

அக்காவை அப்பாவும் மாமாவும் சென்னைக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தபோது மாமா தெருமுனையிலேயே, "வந்துச்சுக்கா, அந்தக் கேள்வி வந்துச்சு!" என்று கத்திக்கொண்டே வந்தார். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்களாம். நடுவில் இருந்த பெரியவர்தான் கேட்டாராம். அக்கா அப்படியே சொன்னாளாம். பிறகு அந்தப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "போயிட்டு வாம்மா" என்று எழுந்து நின்று சொன்னாராம். இதையெல்லாம் மாமா தானே உள்ளே இருந்து பார்த்தது மாதிரி நடித்துக் காட்டினார். அவர் இருந்தது வெளியே, வேப்பமரத்தடியில். அம்மா அக்காவுக்குத் திருஷ்டி கழித்தாள். அக்கா பிரயாண அலுப்பு என்று படுத்துக்கொண்டாள்.

கார்டு வந்தது. தஞ்சாவூரில் இடம். அப்பா அதை ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்து மறுபடி எங்களுக்கே காட்டினார். நான்கு கட்சியும் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டன. எதிர்வீட்டு அம்மாள் மட்டும், "யாரைப் பிடிச்சீங்கன்னு சொல்லமாட்டீங்களே" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பாயசம் வைத்தாள். மாமா காக்கி இல்லாமல் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அக்கா ஹாஸ்டலுக்குப் போகுமுன் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது, படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று அம்மா பேச்சை எடுத்தாள். நல்ல நாள் பார்க்க அப்பா காலண்டரைக் கழற்றினார். அக்கா அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"வேண்டாம்மா. அங்க என்ன சொன்னேனோ, அதுதான்" என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. மாமாதான் முதலில் சிரித்தார். "ஏய் டாக்டரம்மா, இண்டர்வியூ முடிஞ்சு எத்தனை நாளாச்சு. இன்னும் ஒப்பிச்சுக்கிட்டு இருக்கியா?"

"ஒப்பிக்கலை மாமா. நீங்க சொல்லிக்கொடுத்தப்ப முதல்ல பயமா இருந்துச்சு. சொல்லச் சொல்ல, இது நான் சொல்ல வேண்டியதுதான்னு தெரிஞ்சுபோச்சு. அங்க நான் பொய் சொல்லலை."

அக்கா அவ்வளவு வார்த்தைகளைச் சேர்ந்தாற்போல் பேசியதே எனக்குப் பெரிய அதிர்ச்சி. அதைவிடப் பெரிய அதிர்ச்சி மாமாவின் முகம். சிரிப்பு அதில் அப்படியே இருந்தது, ஆனால் மாமா அதற்குள் இல்லை. அப்பா காலண்டரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே பாயசம் அடிப்பிடித்து வீடெல்லாம் நாற்றம் பரவியது. யாரும் எழுந்துபோய் இறக்கவில்லை. அம்மா எழுந்து போய் அக்காவை அடித்தாள். கன்னத்தில். எங்கள் வீட்டில் அடி என்பது எனக்கு மட்டுமே உரியது. அக்காவை அம்மா தொட்டு அடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அப்ப காலேஜும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எவனை நம்பி உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று அம்மா கத்தினாள். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் வீட்டில் அடுப்பு எரிந்தது, ஆனால் சமைத்ததை யாரும் சாப்பிட்ட மாதிரி இல்லை. சேர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா ஒவ்வொரு நாளும் அம்மாவிடம் எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் ஆபீஸுக்குப் போனார். மாமா வரவில்லை. எங்கள் பக்கமே வராத, மன்னார்புரம் பக்கம் போகிற பஸ்ஸுக்கு அவரே கேட்டு மாற்றிக்கொண்டார் என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கு அம்மா முற்றத்தில் உட்கார்ந்து அழுதாள். அக்கா அழவில்லை. அதற்காகவும் அவளுக்குத் திட்டு விழுந்தது.

கடைசியில் மாமா வந்தார். தலைமேல் ஒரு புது டிரங்குப் பெட்டி. அதைக் கூடத்தில் இறக்கிவைத்துவிட்டு, அக்காவைப் பார்க்காமல் அம்மாவிடம் பேசினார்.

"அனுப்புக்கா."

"உனக்காகத்தானேடா நான்..." என்றாள் அம்மா.

"எனக்காகன்னா அனுப்பு."

அவ்வளவுதான் பேச்சு. அம்மா எழுந்து போய் அக்காவின் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

அக்கா சொன்ன சொல்லை மாற்றவே இல்லை. எத்தனையோ பேருக்குப் பிரசவம் பார்த்தாள், எங்கள் பிள்ளைகளையெல்லாம் அவள்தான் வளர்த்தாள் என்று சொன்னாலும் தவறில்லை. மாமாவுக்கு அடுத்த தையில் லால்குடிப் பக்கத்தில் பெண் எடுத்தார்கள். அந்த அத்தைக்குக் கடைசிப் பிரசவம் பார்த்ததும் அக்காதான். யாரும் யாரையும் ஒதுக்கவில்லை. ஆனால் பெண் பார்க்கிற கதையை யாராவது தமாஷாக எடுத்தால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள், கடைசி வரைக்கும்.

அக்கா தஞ்சாவூருக்குக் கிளம்பிய அன்று அப்பா கூடப் போனார். பஸ் ஏற்றிவிட மாமாவும் நானும் வந்தோம். பெட்டியை மேலே ஏற்றிக் கயிறு கட்டியது மாமாதான். பஸ் நகர்ந்தபோது அக்கா ஜன்னல் வழியாக, "வரேன் மாமா" என்றாள். மாமா தலையை ஆட்டினார்.

பஸ் போனதும் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக்கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டே பல நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். பாவாடை கைநழுவிப் போன வருத்தம் எனக்கு.

"அந்தக் கேள்விக்கு வேற பதிலே இல்லையா மாமா?"

"இருந்துச்சு குட்டி. எனக்கு மாப்பிள்ளை இருக்காரு, கல்யாணத்துக்கப்புறமும் நீ டாக்டர் வேலை பாக்கணும்னு அவரே சொல்லிட்டாருன்னு சொல்லச் சொல்லியிருக்கலாம். அதுதான் முதல்ல வாய் வரைக்கும் வந்துச்சு."

"அப்ப ஏன் அதைச் சொல்லிக்கொடுக்கலை?"

"மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு அவங்க கேட்டா?"

"கண்டக்டர்னு சொல்றது!"

மாமா சிரித்தார். சிரித்துக்கொண்டே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எவ்வளவு பெரிய மனிதர் ஏறினாலும் மாமா 'உள்ள போங்க' என்றால் உள்ளே போகத்தான் செய்தார்கள், விசில் ஊதினால் அத்தனை பெரிய பஸ்ஸே நின்றது. அந்த ஐந்து பேரும் அப்படித்தானே நகர்ந்து நின்றிருப்பார்கள்? கண்டக்டர் என்று மட்டும் சொல்லியிருந்தால் அக்காவுக்கு அங்கேயே கையில் சீட்டைக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள் என்று நான் மாமாவுக்கு விவரமாக எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். இது ஏன் இவருக்குத் தோன்றாமல் போயிற்று என்று வீடு வரும் வரை எனக்குப் புரியவே இல்லை.